ஒடெஸாவின் மஞ்சள் நாற்காலி

ஒரு தெருவின் சட்டம் அங்கே வசிக்கிற எல்லோருக்கும் பொதுவா, இல்லை அதை முதலில் வகுத்தவர்களுக்கு மட்டுமா? ஒடெஸா ப்ரூயிட் இந்தக் கேள்வியை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவள் சிகாகோவில் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்; கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால் வண்டி தாமதமாகிவிடும். ஆனால் 1979 ஜனவரியில் அந்தப் பெரும்பனி கொட்டியபோது, அவள் வாழ்க்கை அந்தக் கேள்வியை ஒரு சமையலறை நாற்காலியாக்கித் தெருவில் கொண்டுபோய் வைத்தது.

அந்த வட்டாரத்தை ரயில் பாதை மேடு ஒன்று இரண்டாக வகிர்ந்திருந்தது. மேட்டுக்குக் கிழக்கே கறுப்பர்கள், மேற்கே வெள்ளையர்கள். எந்தப் பலகையிலும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஒடெஸாவின் பேருந்து ஒரு நாளைக்கு எட்டு முறை அந்த மேட்டுக்கு அடியில் புகுந்து வெளியே வரும். அதற்கு முந்தைய நிறுத்தத்தில் கறுப்பு முகங்கள் இறங்கிவிடும், அடுத்த நிறுத்தத்தில் வெள்ளை முகங்கள் ஏறும். ஓட்டுநர் இருக்கையில் இருந்த ஒரு முகம் மட்டும் மாறாமல் போய் வந்துகொண்டிருந்தது.

அப்படிப் போய் வரும்போதுதான் அந்தச் செங்கல் வீட்டைப் பார்த்தாள். முன்பக்கம் வளைந்த ஜன்னல், வாசலில் ஐந்து படிகள், 'விற்பனைக்கு' என்ற பலகை. 1978 செப்டம்பரில், நாற்பத்தேழாவது வயதில், மேட்டுக்கு மேற்கே நான்கு தெரு தள்ளி ஹார்லன் தெருவில் அந்த வீட்டை வாங்கிக் குடியேறினாள். அந்தத் தெருவின் முதல் கறுப்பர்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. யாரும் பேசவும் இல்லை. ஒருநாள் காலை வளைந்த ஜன்னலில் நான்கு முட்டைகள் உடைந்து வழிந்துகொண்டிருந்தன. துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வீட்டுத் தரகன் ஒருவன் தெருவில் இருந்த வெள்ளையர்களுக்கெல்லாம் போன் போட்டு, கறுப்பர்கள் வந்தால் வீட்டு விலை விழும் என்று கிலியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். அவசரத்தில் ஒடெஸா வீட்டுக் கதவிடுக்கிலும் தன் அட்டையைச் செருகிவிட்டான்: 'உங்கள் தெரு மாறிக்கொண்டிருக்கிறது. இப்போதே விற்றால் நல்ல விலை.' ஒடெஸா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் தனியாகச் சிரித்தாள். பிறகு குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள்.

ஜனவரி நடுவில் ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் பனி கொட்டியது. திங்கட்கிழமை காலையில் தெருவைப் பார்த்தால் வண்டிகளே இல்லை, வெள்ளை மேடுகள்தான் வரிசையாக இருந்தன. எட்டு மணிக்கு ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று. பத்து மணிக்குத் தெருவே மண்வெட்டியும் கையுமாக நின்றது. இத்தனை பேர் இந்தத் தெருவில் இருக்கிறார்களா என்று ஒடெஸாவுக்கே ஆச்சரியம். பள்ளிக்கூடம் இல்லை, அலுவலகம் இல்லை, எல்லோர் மூக்கும் சிவந்திருந்தது. திருவிழாவுக்கு வந்தவர்கள்போல ஒருவரை ஒருவர் கூவி அழைத்துக்கொண்டார்கள்.

பனிக்காலத்துக்கு அந்த நகரத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வண்டி நிறுத்தத் தன் கையால் பனியை வெட்டி எடுத்த இடம், பனி உருகும்வரை தன்னுடையது. வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போகவேண்டும். பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரிதான். ஆனால் துண்டை எடுத்தால் வாய்ச்சண்டையோடு போகும். நாற்காலியை எடுத்தால் தண்டனை உண்டு. அடுத்தவர் இடத்தில் நின்ற வண்டியின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தக் குளிரில் கொஞ்ச நேரத்தில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வண்டிபோல உறைந்துவிடும். போலீஸ்காரர் பார்த்தாலும் பார்க்காத மாதிரி போய்விடுவார். அவர் வீட்டு வாசலிலும் ஒரு நாற்காலி நிற்கும். மேட்டுக்குக் கிழக்கேயும் இதே சட்டம்தான். ரயில் சத்தத்தை விட்டால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது இது ஒன்றுதான்.

ஒடெஸா ஐந்து மணி நேரம் வெட்டினாள். அவளுக்கு வலப்பக்கத்து வீட்டில் ப்ரோனியஸ் யுர்கஸ், இறைச்சிக் கூடத்தில் நாற்பது வருடம் கத்தி பிடித்து ஓய்வு பெற்ற லிதுவேனியர், தன் இடத்தை வெட்டி முடித்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டில் டெனிஸ் கெலஹர், தீயணைப்பு வீரன், மனைவி மோரீனோடு சேர்ந்து வெட்டினான். மாலைக்குள் தெரு நெடுக நாற்காலிகள், இஸ்திரி மேசை, மரக் குதிரை, ஒரு வீட்டு வாசலில் மாதா சிலை. ஒடெஸா தன் சாப்பாட்டு மேசையின் நான்கு நாற்காலிகளில் ஒன்றை எடுத்து வைத்தாள். மஞ்சள் ரெக்ஸின் இருக்கை, எஃகுக் கால்கள். அந்த வரிசையில் அதுவும் ஒன்றாக நின்றது.

அன்று சாயங்காலம் தங்கை வெர்லீன் கிழக்கேயிருந்து போன் செய்தாள்.

"அக்கா, எங்க கட்டடத்துல குழாயெல்லாம் உறைஞ்சு போச்சு. ரெண்டு நாளாக் குளிக்கல. நாய்கூட என்னைப் பார்த்து ஒதுங்கிப் போகுது. உன் பாடு எப்படி?"

"இடம் வெட்டிட்டேன். நாற்காலியும் போட்டாச்சு. நாளைக்குக் காலைல வேலை."

"அங்க போயா நாற்காலி போட்டே?" வெர்லீன் சிரித்தாள். "உன்னையே மனுஷியா மதிக்கல, உன் நாற்காலியை மதிச்சிடுவாங்களா?"

"மதிப்பாங்க."

"மதிக்கலேன்னா?"

ஒடெஸா குளிர்ப்பெட்டிக் கதவில் இருந்த அட்டையைப் பார்த்தாள். "நாற்காலியை எவனாவது தொட்டுட்டா, அன்னைக்கே இந்தத் தரகனுக்குப் போன் போட்டு வீட்டை வித்துட்டு உன் பக்கத்துலயே வந்துடறேன். போதுமா?"

"பேச்சுன்னா பேச்சு."

"பேச்சுன்னா பேச்சு."

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் பேருந்தை ஓட்டினாள், மனம் மட்டும் நாற்காலியிடம் இருந்தது. வீட்டை வாங்கும்போதுகூட இத்தனை பதைப்பு இல்லை. கடன் பத்திரம், பதிவு, சாவி எல்லாவற்றையும் நகரம் கொடுத்தது. இந்த மதிப்பைத் தெருதான் கொடுக்கவேண்டும்.

மதியம் இரண்டரைக்குத் திரும்பி வந்தாள். அவள் வெட்டிய இடத்தில் நீளமான கரும்பச்சை வண்டி ஒன்று, மெழுகு பூசியதுபோல மினுங்கிக்கொண்டு நின்றது. மஞ்சள் நாற்காலி பனிக்குவியலின் மேல் கால்களை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

ஒடெஸா வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திக் கதவைத் திறந்து போட்டுவிட்டு இறங்கினாள். பேருந்தில் பின்சீட்டு ஆசாமிகளை அடக்கிப் பழகிய குரல்.

"யார் வண்டி இது? தைரியம் இருந்தா வெளிய வா! அஞ்சு மணி நேரம் வெட்டினேன், அஞ்சு மணி நேரம்! யார் வண்டி?"

திரைச்சீலைகள் அசைந்தன. யுர்கஸ் செருப்போடு படிக்கு வந்தார்.

"ஏம்மா, தூங்கிட்டிருந்தேன். எதுக்கு இந்தக் கத்து கத்தறே?"

"பாருங்க பெரியவரே, நல்லாப் பாருங்க. உங்க ஆளுங்கள்ல யாரு இது?"

"என் ஆளுங்களா? இவ்வளவு பெரிய வண்டி வாங்க என் ஆளுங்க எவனுக்கும் வக்கில்ல." அவர் மல்லாந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தார். முகம் மாறியது. "நாற்காலியைத் தூக்கிப் போட்டிருக்கான்."

"ஆமா. என் நாற்காலிங்கறதால."

யுர்கஸ் ஒரு படி கீழே இறங்கி வந்தார். "ஒண்ணு சொல்றேன் கேளு. நீ இந்தத் தெருவுக்கு வந்தது எனக்குப் பிடிக்கல."

"அது தெரியும்."

"ஆனா நேத்து நீ வெட்டினதை ஜன்னல்ல இருந்து பார்த்தேன். ஒரு தடவைகூட உட்காரல. வேலைன்னா வேலை, நாற்காலின்னா நாற்காலி. இரு, வாளி எடுத்துட்டு வரேன்."

முதல் வாளி விழுந்தபோது பச்சை வண்டியின் முன்கண்ணாடி புகைந்தது. இரண்டாவதற்கு வெளுத்தது. சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன. ஆளுக்கொரு பானை, தொட்டி, பால் கேன் என்று வந்தார்கள். விஷயம் என்ன என்று கேட்டவர்களுக்கு யுர்கஸ் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "நாற்காலி." அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அந்த நேரம் பணி முடிந்து வந்த டெனிஸ், சீருடையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான்.

"நகருங்க, நகருங்க! தண்ணி ஊத்தறது என் தொழில். கதவிடுக்குல ஊத்தணும், அப்பத்தான் பிடிக்கும்."

"இந்த வேகத்தைத் தீ பிடிக்கிற எடத்துல காட்டியிருந்தா உனக்குப் பதவி உயர்வு கெடைச்சிருக்கும்டா," என்றார் யுர்கஸ்.

தெருவே சிரித்தது. ஒடெஸாவும் சிரித்தாள். யார் யாரோ அவள் கையில் நிறைந்த வாளியைக் கொடுத்துவிட்டுக் காலி வாளியை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நான்கு மாதமாக அவளைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்ட ஒரு பெண், "இன்னும் பின்னால ஊத்துங்க, பின்னால!" என்று கத்தினாள். கதவுப் பிடிகள் பனிக்கட்டிக்குள் போயின. சக்கரங்கள் தரையோடு ஒட்டின. அவள் நாற்காலிக்காக ஒரு தெரு முழுக்கத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மோரீன் தன் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க மேடம்? உங்க வண்டி மேல நீங்களே ஏன் தண்ணி ஊத்தறீங்க?"

ஒடெஸா திரும்பினாள். "என் வண்டி அங்க நடுரோட்டுல நிக்குதே."

"மத்தியானம் நீங்கதானே இதுல வந்து இறங்கினீங்க? கையில பெரிய பாத்திரம் வச்சிருந்தீங்க. பூட்டைத் திறந்துட்டு உள்ள போனீங்க. நான் என் கண்ணால பார்த்தேனே!"

"நானா? நான் காலைல அஞ்சு மணியிலேர்ந்து பஸ்ல இருக்கேன்."

வாளிகள் அப்படியே நின்றன. ஒடெஸா ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு, எலும்பும் தோலுமான உடம்பு. அவள் வீட்டுக் கதவு திறந்தது. அவளுடைய அங்கியை அடியில் இரண்டு மடிப்பாக மடித்துக் கட்டிக்கொண்டு, குட்டையாக, உருண்டையாக, அவளைவிடப் பத்து வயது இளையவளாக, தலையில் துண்டோடு வெர்லீன் வெளியே வந்தாள்.

"அக்கா! என்னக்கா பண்றே! அது நம்ம சர்ச் மூப்பரோட வண்டிக்கா! குளிச்சிட்டுக் கொண்டாந்து விட்டுடறேன்னு வாங்கிட்டு வந்தேன்!"

யுர்கஸ் தன் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அந்த நாற்காலியை எதுக்குடி தூக்கிப் போட்டே?" என்றாள் ஒடெஸா.

"உன் நாற்காலிதானே? அந்தச் சட்டம் எனக்குமா?"

மோரீனின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. அவள் அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்கு மாதம், தெருவின் அகலம்தான் தூரம். "எனக்கு... தூரத்துல இருந்து..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை முடிக்க ஒடெஸா உதவவில்லை.

பிறகு இருட்டும்வரை எதிர்வேலை நடந்தது. "சுடுதண்ணி ஊத்தாதீங்க, கண்ணாடி தெறிச்சிடும்," என்று டெனிஸ் தடுத்தான். யுர்கஸ் இறைச்சி தட்டும் மரச் சுத்தியலைக் கொண்டுவந்து, பழைய தொழிலைக் கை மறக்காமல், பெயின்டில் ஒரு கீறல் விழாமல் பனிக்கட்டியைத் தட்டி உரித்தார். மோரீன் ஜன்னல் வழியே நீண்ட ஒயர் இழுத்துத் தலை காய வைக்கும் கருவியைப் பூட்டுத் துவாரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட்டும் குல்லாயும் மாட்டிக்கொண்டு வந்த வெர்லீன் தெருவையே அதட்டினாள்.

"தம்பி, யாரு வண்டின்னு கேட்டுட்டுத் தண்ணி ஊத்தணும்னு உங்க தீயணைப்புல சொல்லித் தரலையா? ஏம்மா, அப்படியே என் தலையிலயும் கொஞ்சம் காட்டு, முடி ஐஸா நிக்குது!"

நடுவில் வெர்லீன் கொண்டுவந்திருந்த கீரையும் சோளரொட்டியும் தட்டுகளில் வெளியே வந்தன. யுர்கஸ் வீட்டிலிருந்து பூண்டு மணக்கும் தொத்திறைச்சி வந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அன்றோடு அந்தத் தெருவுக்கு அன்பு பிறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நாற்காலியின் மேல் இருந்த பக்தியில் கொஞ்சம் அன்று ஒடெஸாவின் மேலும் தெறித்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த அளவுகூட அதுவரை தெறித்ததில்லை என்பதும் உண்மை. மூன்றாம் வருடம் கெலஹர் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போனது. போகிற நாளில் டெனிஸ் வந்து கை கொடுத்தான், மோரீன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்றிரவு எல்லோரும் உள்ளே போனபின் அக்காவும் தங்கையும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். வெர்லீன் குளிர்ப்பெட்டியிலிருந்து தரகனின் அட்டையைப் பிய்த்து மேசைமேல் வைத்தாள்.

"நாற்காலி நகர்ந்துடுச்சு. பேச்சுன்னா பேச்சு."

"நகர்த்தினது நீ."

"நான்தான். ஆனா நீ யாருன்னு நெனச்சே? வண்டியை விட்டு இறங்குன அடுத்த நொடியே அவங்கதான்னு முடிவு பண்ணிட்டே. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து நீன்னு நெனச்சா. நீ என் வண்டியைப் பார்த்து அவங்கன்னு நெனச்சே. இப்படி ஒரு எடத்துல எப்படிக்கா இருப்பே?"

ஒடெஸா அட்டையை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். நாற்காலியின் கால்களைத் துணியால் துடைத்து மேசைக்கு அடியில் தள்ளினாள்.

மறுநாள் விடியற்காலையில் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனபின் அந்த இடம் காலியாக இருந்தது. நாற்காலி இல்லை. அன்று மட்டுமல்ல, அதன்பின் ஹார்லன் தெருவில் அவள் வாழ்ந்த இருபத்துமூன்று பனிக்காலங்களிலும் அவள் தன் இடத்தை முதலில் வெட்டி முடிப்பாள், வண்டியை எடுத்துக்கொண்டு போவாள், அந்த இடத்தில் எதையும் வைக்கமாட்டாள். சில நாள் யாரும் நிறுத்தியிருக்கமாட்டார்கள். சில நாள் நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தியிருந்தால் வேறு இடம் தேடி இன்னொரு முறை வெட்டுவாள். நாற்காலி இல்லை என்றால், அதைத் தூக்கிப் போட்டது யார் என்று யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அடுத்த வருடப் பனியில் யுர்கஸுக்குப் பொறுக்கவில்லை. அவள் வேலைக்குக் கிளம்பியதும் தன் வீட்டு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் அந்த இடத்தில் போட்டு, நாள் முழுக்க ஜன்னலில் காவல் இருந்தார். மதியம் ஒடெஸா வந்தாள். இறங்கி, நாற்காலியின் மேலிருந்த பனியைக் கையுறையால் தட்டிவிட்டு, அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலின் மேல்படியில் மெதுவாக வைத்தாள். அவர் கதவைத் திறந்து, "ஏம்மா, ஏன்?" என்று கேட்டார்.

அவள் அவருக்குத் தலையசைத்துவிட்டு, வண்டியை நிறுத்தப் போனாள்.