வாடகைக்குப் போன கணக்கு

ஜாஹிதா கீழக்கரையிலிருந்து மலேசியாவில் உள்ள குளுவாங்குக்கு வாழ வந்து பதினாறு வருஷம் ஆகிறது. கணவன் லியாக்கத் அலி இந்த ஊரிலேயே பிறந்தவன். பஸ் ஸ்டேஷன் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். அவள் வீட்டில் மெஷின் போட்டு, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் தைக்கிறாள். தையல் சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் கூர்மை என்று அக்கம்பக்கத்தில் பெயர். அந்தக் கூர்மையை அவள் தம்பி ஜாஸிமிடம் மட்டும் காட்டியதில்லை. அவளைவிட ஏழு வயது சின்னவன். உம்மா போன பிறகு அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

கீழக்கரைக் கடைத்தெருவில் அவள் பெயரில் ஒரு கடை உண்டு. வாப்பா மௌத்தாவதற்கு முன்பே எழுதி வைத்தது. செல்லப்பன் என்பவர் அதில் செருப்புக் கடை நடத்துகிறார். வாடகையை மாதாமாதம் அவளுடைய வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார். அவள் கல்லூரியில் படித்தபோது திறந்த கணக்கு அது. மலேசியாவுக்குக் கிளம்பிய அன்று ஏடிஎம் கார்டையும், கணக்கோடு சேர்த்திருந்த போன் நம்பரின் சிம்மையும் ஜாஸிம் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். வெளிநாட்டில் குடியேறியவர்கள் கணக்கை அதற்கென உள்ள வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. ஜாஸிமுக்குத் தெரியும், சொல்லவில்லை.

போன வருஷம் நோன்பு மாதத்துக்கு முன்னால் செல்லப்பனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. வாடகைப் பணம் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது, கணக்கை முடக்கி வைத்திருப்பதாக வங்கியில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஜாஸிமைக் கேட்டாள். சர்வர் கோளாறு என்றான். அடுத்த வாரம் ஆதார் இணைப்பில் ஏதோ சிக்கல் என்றான். அதற்கடுத்த வாரம் போனை எடுக்கவில்லை.

அவளே வங்கிக் கிளைக்குப் போன் செய்தாள். பதிவான நம்பரிலிருந்து பேசினால்தான் விவரம் சொல்ல முடியும் என்றார் மேலாளர். அந்த நம்பர் தம்பியிடம் இருக்கிறது, கணக்கு என்னுடையது என்றாள்.

"அப்படின்னா எங்களுக்கு உங்க தம்பிதாம்மா ஜாஹிதா" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அன்று முழுக்க அவளுக்கு ஊசி ஓடவில்லை. சாயங்காலம் பாஸ்போர்ட்டையும் மலேசிய விசாவையும் படம் பிடித்து, விளக்கமாக ஒரு கடிதம் எழுதி வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். ஐந்தாவது கடிதத்துக்கு நாலே வரியில் பதில் வந்தது. வேறு மாநிலக் காவல்துறையின் உத்தரவுப்படி கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. ஆன்லைன் மோசடியில் பணம் இழந்த மூன்று பேர் கொடுத்த புகாரில் இந்தக் கணக்கு எண் இருக்கிறது. கணக்கு வைத்திருப்பவர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

இந்தத் தடவை செல்லப்பனின் போனிலிருந்து ஜாஸிமைக் கூப்பிட வைத்து, தானும் அந்த அழைப்பில் சேர்ந்துகொண்டாள். மாட்டிக்கொண்டான். முதலில் மழுப்பினான். மின்னஞ்சலை அவள் வரி வரியாகப் படித்துக் காட்டியதும் குரல் மாறியது. கூட்டாளி ஒருத்தன் கணக்கு கேட்டானாம். கார்டையும் சிம்மையும் அவனிடம் கொடுத்து வைத்தால் மாதம் பத்தாயிரம் தருவதாகச் சொன்னானாம். எங்கிருந்து வருகிற பணம் என்று தான் கேட்கவில்லையாம்.

"என் பேர வாடகைக்கு விட்டியா?" என்றாள் ஜாஹிதா.

"ஏன் ராத்தா பெருசு பண்ற? நீதான் அங்க இருக்கியே, உன்ன யாரு வந்து புடிக்கப் போறா? கொஞ்ச வருஷம் இந்தப் பக்கம் வராம இரு. தானா அடங்கிடும்."

அவன் பயந்து பேசியிருந்தால், அழுதிருந்தால், ஒருவேளை அவள் இளகியிருப்பாள். அவன் குரலில் சலிப்புதான் இருந்தது. தன் சொந்த ஊருக்குத் தான் வரக் கூடாது என்பதைக் கடைக்குப் போகாதே என்று சொல்கிற மாதிரி சொல்கிறானே என்று அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

லியாக்கத் அலியிடம் சொன்னாள். அவன் கல்லாவிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்லா, அவன நம்பாதன்னு. இப்ப அங்க போயி போலீஸ்ல மாட்டிக்கிட்டா நான் வர மாட்டேன். டிக்கெட்டுக்கும் என் கடைக் காசு ஒரு சென் கிடையாது."

"நான் கேக்கல மச்சான். போறேன்னு சொல்ல வந்தேன்."

பெருநாள் தையல் கூலி முழுவதும் டிக்கெட்டுக்குப் போனது. குளுவாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பஸ், அங்கிருந்து திருச்சிக்கு விமானம். திருச்சியில் குடிநுழைவு அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டப் புரட்ட தன் பெயர் போலீஸ் பட்டியலில் இருக்குமோ என்று அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்த பிறகும் சற்று நேரம் அங்கேயே நின்றாள். பின்னால் நின்றவர் நகரச் சொல்லி அதட்டினார்.

தம்பி வீட்டுக்கு ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் போனாள். கூட்டாளியிடம் போன சிம்மை அவன் திருப்பி வாங்கித் தர வேண்டும். ஜாஸிமின் மனைவி ஷப்னம் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினாள். உள்ளே கூப்பிடவில்லை. கழுத்தில் புதுச் சங்கிலி கிடந்தது. அவர் ஊரில் இல்லை என்றாள். உள்ளே ஜாஸிம் இருமுவது கேட்டது.

"புள்ளைங்க இருக்குற வீடு மதினி. தயவுசெஞ்சு போலீஸு கீலீஸுன்னு போயிடாதீங்க. உங்களுக்கு அங்க புருஷன் இருக்காரு, கடை இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு?"

"என் கார்டு இருந்துச்சு. வேற என்ன வேணும்?" என்றாள் ஜாஹிதா. கதவு சாத்திக்கொண்டது.

அங்கிருந்து நேரே ராமநாதபுரம் போய், லாட்ஜில் அறை எடுத்துப் பையைப் போட்டுவிட்டு, சைபர் குற்றப்பிரிவில் போய் உட்கார்ந்தாள். இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் பெண் ஆய்வாளர் ஒருவர் வாக்குமூலம் எழுதச் சொன்னார். கார்டு யாரிடம் இருந்தது என்ற இடத்தில் பேனா நின்றது. ஆய்வாளர் அவசரப்படுத்தவில்லை. ஜாஹிதா தம்பியின் பெயரை எழுதினாள். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் வாப்பாவின் பெயரை எழுதியபோது, அதே பெயரைத் தனக்கும் மேலே எழுதியிருப்பதைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஜாஸிமைக் கூட்டி வந்தார்கள். அவன் அவளைப் பார்க்காமல் ஆய்வாளரிடம் பேசினான். "ராத்தா சொல்லித்தான் மேடம் குடுத்தேன். பங்கு அவுங்களுக்கும் போகுது. அவுங்க சம்மதம் இல்லாம நடக்குமா?"

அதுவரை அவளுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் குற்றவுணர்வு இருந்தது. அந்த நிமிஷத்தோடு அது போனது. எழுந்து போனை மேசைமேல் வைத்தாள். சர்வர் கோளாறு, ஆதார் சிக்கல் என்று அவன் அனுப்பிய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாக ஒலிக்க விட்டாள். ஏடிஎம்மில் பணம் எடுக்கப்பட்ட தேதிகளில் அவள் இந்தியாவிலேயே இல்லை என்பதற்குப் பாஸ்போர்ட் முத்திரைகளைக் காட்டினாள். மோசம் போனவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றும், பணிக்கொடை முழுவதையும் இழந்தார் என்றும் ஆய்வாளர் சொன்னார். ஜாஸிம் சுவரைப் பார்த்தான்.

"உனக்கு நான் சோறூட்டுன கை இது. இந்தக் கைக்கு விலங்கு மாட்டச் சொல்றியா?" என்று கேட்டாள். அவன் பதில் தேவையில்லை என்று கேட்டு முடித்ததுமே அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஜாஸிம் இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தான். கார்டு வாங்கிய கூட்டாளி பெங்களூரில் பிடிபட்டான். கணக்கு உடனே திறக்கவில்லை. குளுவாங் திரும்பிய பிறகும் ஏழு மாதம் வங்கிக்கும் காவல்துறைக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இதில் தொடர்பில்லை என்று காவல்துறை எழுதிக் கொடுத்த பிறகுதான் வங்கி இறங்கி வந்தது. கணக்கு வெளிநாட்டில் வசிப்பவர் கணக்காக மாறியது. அவளுடைய மலேசிய நம்பர் பதிவானது. பழைய வாடகையில் பெரும்பகுதியை ஜாஸிம் முன்னமே தின்று தீர்த்திருந்தான். மிச்சம் கிடந்ததில் மோசம் போனவர்களுடையது எது, அவளுடையது எது என்று நீதிமன்றம் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறது.

லியாக்கத் அலி இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்கு வருகிற ஊர்க்காரர்களிடம், தன் பெண்டாட்டி சொந்தத் தம்பியையே ஜெயிலில் போட்டவள் என்று சிரித்துச் சொல்வதாக அவள் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அவளும் கடைப் பக்கம் போவதில்லை.

ஷப்னம் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். நீ நல்லா இருக்க மாட்ட என்று சொல்லிவிட்டு வைத்தாள். கீழக்கரைச் சொந்தத்தில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

போன மாதம் ஜாஸிமின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. கடையை வாப்பா எழுதிக் கொடுத்ததே செல்லாது, அதில் தம்பிக்குப் பங்கு உண்டு என்று இருந்தது. ஜாஹிதா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலுக்குப் போன் போட்டு, வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும் என்று கேட்டாள். பத்து வருஷம்கூட ஆகலாம் என்றார்.

"ஆகட்டும். நடத்துங்க" என்றாள்.