மாடியில் காயப் போட்ட கிதார்

நேற்று மகள் தன் கைபேசியை என் வாயருகே நீட்டி, "முணுமுணுங்கப்பா, என்ன இசைன்னு இதுவே சொல்லிடும்" என்றாள். முணுமுணுத்தேன். என் குரல் வளத்துக்குக் கைபேசி என்ன செய்யும், பாவம். ஏதோ தாலாட்டின் பேரைச் சொன்னது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கோ கருவாட்டு வாசனை அடித்தது.

அது ஏன் என்று உங்களிடம் சொன்னால் என்ன? தொண்ணூறுகளில் எனக்குக் கல்பாக்கத்தில் வேலை. மாமல்லபுரம் மீனவர் குப்பத்தில் கன்னியப்பன் என்று ஒரு நண்பன். அவன் வீட்டு மாடியறையில் தங்கிப்போன வெள்ளைக்காரர் ஒருவர் அவனுக்கு ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. பாடுகிறவர்களும் கிடையாது. கிதார்தான் பேசும், பின்னால் டிரம்ஸ் துரத்தும். முதல் தடவை கேட்டபோது டேப் சிக்கிக்கொண்டது என்றே நினைத்தேன்.

"சிக்கல மச்சான். ஏழு எண்ணிக்கினு திரும்பறான் பாரு" என்று கன்னியப்பன் என் தொடையில் தாளம் தட்டினான். கரைவலைக் கயிறு இழுத்த கை, வலிக்கும். சபாக்களில் தலையாட்டிப் பழகிய எனக்கு அந்த ஏழு எண்ணிக்கைத் தாளம் பிடிபட மூன்று ஞாயிறு ஆனது. பிடிபட்டபின் இருவரும் பைத்தியமாகத் திரிந்தோம். டிரம்ஸ் சட்டென்று நின்று, கிதார் மட்டும் ஒரே சுரத்தை வளைத்துக்கொண்டு தனியே நிற்கும் இடம் ஒன்று வரும். அங்கே நாங்கள் மூச்சுக்கூட விடமாட்டோம்.

ஒரு கோடையில் நான் ஊருக்குப் போய்வருவதற்குள் உப்புக்காற்றில் டேப்பில் பூஞ்சை படர்ந்துவிட்டது. வலைக்குச் செய்வதையே கன்னியப்பன் இதற்கும் செய்திருந்தான். நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் நெத்திலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் காயப் போட்டிருந்தான். கத்திரி வெயில். நான் போனபோது பிளாஸ்டிக் வளைந்து, நாடா சுருண்டு கிடந்தது.

"வலைய அப்டித்தான காப்பாத்துவோம் மச்சான். இதுவும் சரியாப்பூடும்னு நென்ச்சேன்" என்றான்.

"கருவாடு காயப் போடறவனுக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்றேன்.

கேசட் அவனுடையது என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவன் கருவாட்டில் வந்து உட்கார்ந்த காக்கையை விரட்டினான்.

அடுத்த ஞாயிறு போனேன். "வாங்க சார், நாஸ்தா ஆச்சா?" என்றான். ஆறு வருஷம் அவனுக்கு மச்சானாக இருந்த நான் 'சார்' ஆகிவிட்டேன். மன்னிப்புக் கேட்க நாக்கு துடித்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன். அந்த அடுத்த வாரம் சில வருஷங்களாக நீண்டது. அவன் காமாலையில் செத்ததே எனக்குப் பத்து நாள் கழித்து, பேருந்தில் யாரோ பேசிக்கொண்டதில்தான் தெரிந்தது.

இப்போது அந்த மாடியில் காப்பிக் கடை வைத்திருக்கிறார்கள். அந்தக் கரையில் கரைவலை இழுப்பவர்களையும் காணோம். அந்த இசைக்கு எங்கோ ஒரு பேர் இருக்கும், யாரோ கேட்டுக்கொண்டும் இருப்பார்கள்.

"இன்னொரு தடவைப்பா" என்றாள் மகள். மறுபடி முணுமுணுத்தேன். ஐந்து வரை சரியாக வந்தது, ஏழில் தப்பியது. தொடையில் தட்டி எண்ணிச் சொன்னவனை நானே சாராகிப் போய்த் தொலைத்துவிட்டேன்.