மூணாம் நம்பர் மாப்பிள்ளை

எங்கள் நீரேற்று நிலையத்து இன்ஜினியருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். பம்பு ஆபரேட்டர் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கூடத்தில் நான்கு பம்புகள் இருக்க, மனுஷன் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க மூன்றாவதின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் வேறு என்ன பெயர் வைப்பதாம்?

உட்கார்ந்து வயலின் வாசிப்பார். வீட்டில் வழியில்லை. வீடென்று சொல்வதே தப்பு, தங்கை வீட்டில் ஓர் அறை. தங்கை புருஷனுக்கு இரவு வேலை. இவர் பெட்டியைத் திறந்தாலே, "அண்ணே, அவர் தூங்குறாரு" என்று தங்கை கதவருகில் வந்து நிற்பாளாம். நாற்பத்தெட்டு வயதாகியும் கல்யாணப் பேச்சை எடுக்க ஆளில்லை.

மூன்றாவது பம்பு மட்டும் ஏன்? மற்றவை வெறுமனே உஸ்ஸென்று ஓடும். இதற்குப் பேரிங் தேய்ந்து, ஒரே சீராக முனகும். அந்த முனகலுக்குத் தந்திகளைச் சேர்த்துக்கொள்வார். ஒருநாள் கேட்டேவிட்டேன். "சார், சுருதி போன்லயே வருதே. இந்த இரும்போட ஏன் மல்லுக்கட்டுறீங்க?"

"போன்ல நான் போட்டாத்தான் ஓடும். இது நான் வர்றதுக்கு முன்னாடியே ஓடிட்டிருக்கு. யாரோ கூட இருக்கிற மாதிரி இருக்கும்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

பேரிங்கை மாற்றச் சொல்லி எழுத வேண்டியவரே அவர்தான். மாதாமாதம் மீட்டர் வைத்து அதிர்வைப் பார்ப்பார். அளவு ஏறிக்கொண்டே போகும். "இன்னும் வரம்புக்குள்ளதான் இருக்கு" என்பார். பாதி ஊருக்குத் தண்ணீர் அந்தப் பம்பு வழியாகத்தான் போகிறது. அது இறுகி நின்றால் மோட்டாரும் சேர்ந்து போகும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்த வயலினைக் கேட்டபடிதான் பதினோரு வருஷமாக எனக்குச் சாப்பாடு இறங்கியது. அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு மதியம் வாசிப்பு பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தேன். வில்லைக் கையில் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள ஏதோ உரசுது. நிறுத்துங்க."

"மீட்டர் சரியாத்தானே காட்டுது சார். இன்னும் ஒரு வாரம் ஓட்டலாமே," என்றேன். அவருக்காகத்தான் சொன்னேன். எனக்காகவும்தான்.

"காது சொல்லுது. நிறுத்துங்க."

சுவிட்சை நான்தான் அணைத்தேன். முனகல் இறங்கி இறங்கி அடங்கியது. அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும், பேனா எழுதவில்லை என்று இரண்டு முறை உதறினார். மையெல்லாம் நன்றாகத்தான் வந்தது.

பிரித்துப் பார்த்தால் பேரிங் விரிசல் விட்டிருந்தது. "ரெண்டு நாள் தாங்கியிருக்காது" என்றார் ஃபிட்டர். மேலதிகாரி போன் செய்து பாராட்டினார். பாராட்டு யாருக்கு வேண்டும்.

மறு வாரம் புதுப் பேரிங் போட்டு ஓட்டியதும், மூன்றாவதும் மற்றவற்றைப் போல உஸ்ஸென்றது. மதியம் வந்தார், பெட்டியைத் திறந்தார், ஒரு தந்தியைச் சுண்டினார், மூடினார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய், அந்த முனகலை நானே தொண்டையில் பிடித்தேன். வெட்கங்கெட்ட வேலைதான்.

நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சம் இறக்குங்க," என்றார்.

இறக்கினேன். வில்லை எடுத்தார். நாலு இழுப்பு இழுப்பதற்குள் எனக்கு மூச்சு தீர்ந்து இருமல் வந்துவிட்டது. மறுபடி பிடித்தேன். மறுபடி இருமல்.

"போதும், நீங்க சாப்பிடுங்க," என்று வயலினைத் துடைத்து வைத்தார். பெட்டியைப் பூட்டும்போது கேட்டார். "இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா சார்."

"சொல்லியிருக்கலாமே."

கதவுக்கு இந்தப் பக்கம் வந்து, ஆறிப்போன சாப்பாட்டைப் பிசைந்தேன். மறுநாள் அவர் வயலின் பெட்டி இல்லாமல் வந்தார்.