நான் படித்துக் காட்டாத பாதி

ஒரு பேட்டியில் பாதியைத்தான் நிலாவுக்குப் படித்துச் சொன்னேன். மீதியை மறைத்தேன். மறதியால் அல்ல, தெரிந்தே மறைத்தேன். இன்று நிலாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

இதைவிடச் சுருக்கமாக என் குற்றத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இனி வருவது விளக்கம்தான்... விளக்கம் நீள நீளக் குற்றம் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பேட்டி கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஓர் இத்தாலிய டென்னிஸ் வீராங்கனை. அவர் பெயரை இங்கே இழுக்க எனக்கு விருப்பமில்லை. நானும் நிலாவும் அவரை 'இத்தாலி அக்கா' என்றுதான் சொல்வோம். உலகம் கொண்டாடிய வீராங்கனை அல்லர். கடலோரச் சிற்றூர் ஒன்றில், செம்மண் களத்தில் ஆடிப் பழகியவர். ஒற்றையர் ஆட்டத்தில் முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ பெட்டியைக் கட்டிவிடுவார். ஆனால் டபுள்ஸில் வலைக்கு அருகே போய் நின்றாரென்றால்... அடடா! பந்து எங்கே வரும் என்பது அடிப்பவருக்கு முன்பே இவருக்குத் தெரியும். எல்லாரும் இரண்டு கையால் பேக்ஹேண்ட் அடித்த காலத்தில் இவர் ஒற்றைக் கையால் பந்தைச் சீவிவிடுவார். தரையைத் தொட்டதும் அது எழும்பாது, வழுக்கிக்கொண்டு ஓடும்.

அவர் ஆட்டங்களைப் பித்துப் பிடித்தவள் போலச் சேர்த்தேன். இணையம் கிடைக்கிற நேரத்தில் இறக்கிவைத்து, மின்சாரம் போன நேரத்தில் பார்ப்பேன். பேட்டிகள் இத்தாலிய மொழியில் இருக்கின்றன என்பதற்காக அந்த மொழியையே கற்கத் தொடங்கினேன்! பர்மாவில், எங்கள் நகரின் நடுவே உள்ள கியாக்டடாவில் தனியார் பள்ளியில் படித்தவள் நான். மொழிகள் எனக்குச் சட்டென்று வரும். அந்தக் கர்வத்தையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

என் டபுள்ஸ் ஜோடி நிலா, நகரத்து ஓரத்தில் உள்ள லைங் தாயாவிலிருந்து டென்னிஸ் பயிற்சிக்கு இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் அம்மா அங்கே ஆயத்த ஆடை ஆலையில் தைப்பவர். ஆட்டத்தில் நிலாவின் கால்தூசிக்கு நான் ஈடாகமாட்டேன். பயிற்சி முடிந்ததும் எதிரே உள்ள தேநீர்க் கடையின் குட்டி நாற்காலிகளில் உட்காருவோம். நான் போனில் அக்காவைப் பற்றிப் படித்து, தமிழும் பர்மியமுமாகக் கலந்து சொல்வேன். அவள் கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைக் குழம்பு வியர்வையில் வழிய, வாய் திறந்து கேட்பாள். நான் என்ன சொன்னேனோ அதுதான் அவளுக்கு அக்காவின் வாழ்க்கை.

போன ஆண்டு பாங்காக்கில் ஒரு கல்லூரி, இங்கிருந்து ஒரு டபுள்ஸ் ஜோடியைத் தேர்ந்தெடுக்க ஆள் அனுப்புவதாகச் செய்தி வந்தது. படிப்பும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. ராணுவ ஆட்சியில் எங்கள் வயதுப் பிள்ளைகள் நாட்டைவிட்டு வெளியே போக ஒரு கதவைத் தேடுகிற நாட்கள் இவை. ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். கதவு திறந்தது, ஆனால் இருவராகத்தான் நுழைய முடியும்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, சர்வீஸ் போடுகையில் நிலாவின் தோளில் சுருக்கென்று ஏதோ பிடித்தது. மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, ஆறு வாரம் ராக்கெட்டைத் தொடக்கூடாது என்றார். மறுநாள் கடையில் நிலா தேநீரைத் தொடவே இல்லை.

"கவி, அக்காவுக்கும் இதே தோளுதானே வலிச்சிச்சு? அந்தப் பெரிய ஆட்டத்துல?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அவங்க என்ன பண்ணாங்க?"

அந்தப் பேட்டியை இரண்டு நாள் முன்புதான் படித்திருந்தேன். தோளில் பட்டை ஒட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஆடியதாகவும், மூன்றாவது செட்டில் வலியே தெரியவில்லை என்றும், தம் வாழ்வின் மிக அழகிய வெற்றி அதுவே என்றும் அக்கா சொல்லியிருந்தார். அடுத்த பத்தியில்தான் மீதி, அக்காவின் சொற்களிலேயே: அன்று நான் ஆடியிருக்கவே கூடாது. என் தோள் அன்றோடு முடிந்தது. இப்போது மகளுக்கு இடது கையால்தான் தலை வாரிவிடுகிறேன். வலியோடு ஆடும் பெண் யாராவது இதைப் படித்தால், ராக்கெட்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ...

வீட்டுக்குப் போ! போன் எங்கள் இருவருக்கும் நடுவே மேசைமேல் கிடந்தது. விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அந்தப் பத்தி வந்துவிடும்.

"ஆடுனாங்க," என்றேன். "மூணாவது செட்ல வலியே தெரியலையாம். ஜெயிச்சிட்டாங்க."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பார்த்தீர்களா என் சாமர்த்தியத்தை?

நிலா சிரித்துவிட்டாள். "அப்பறம் என்ன, என் தோளு மட்டும் தங்கத்துலயா செஞ்சிருக்கு? யாபாதே, பரவால்ல. ஆடிருவோம்."

அவளுடைய எதிர்காலத்துக்காகத்தான் மறைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையா அது? அவள் இல்லாமல் எனக்கு ஜோடி இல்லை. ஜோடி இல்லாமல் எனக்குக் கதவு இல்லை. வேறென்ன சொல்ல...

தேர்வு மிங்கலாடோனில், ஒரு சிமெண்டுக் களத்தில், காலை வெயிலில் நடந்தது. நிலா வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாள். முதல் செட் எங்களுக்கு, அடுத்தது எதிர் ஜோடிக்கு. மூன்றாவதில் இடம் மாறும்போது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"மூணாவது செட் வந்திருச்சே கவி. இன்னும் வலிக்குதே?"

குறை சொல்லவில்லை அவள். ஒரு கணக்குப் போட்டு விடை வராத பிள்ளை ஆசிரியரிடம் கேட்பதுபோலக் கேட்டாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். கையை உயர்த்தி நடுவரை அழைத்திருக்கலாம்.

"இன்னும் கொஞ்சந்தான்," என்றேன்.

வென்றோம். வலையருகே கைகுலுக்க நிலா இடது கையை நீட்டினாள். எதிரணிப் பெண்கள் அதை விளையாட்டு என்று எண்ணிச் சிரித்தார்கள்.

மருத்துவப் பரிசோதனையில் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. கல்லூரியிலிருந்து எனக்கு மட்டும் கடிதம் வந்தது. தனியாக வரலாம், ஜோடியை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று. ஒருநாளாவது யோசித்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? வந்த அன்றே சம்மதம் எழுதிவிட்டேன்.

நிலா இப்போது அம்மாவின் ஆலையில், மேசையில் உட்கார்ந்து சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிறாள். போன வாரம் என்னை வழியனுப்ப அதே தேநீர்க் கடைக்கு வந்தாள்.

"அம்மா உன்னத்தான் திட்டுது," என்றாள். "படிச்ச புள்ள கூடச் சேந்து கெட்டேனாம். நான் சொன்னேன், கவி ஒருநாளும் எங்கிட்ட பொய் சொன்னதில்லன்னு."

நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து குடித்தேன்.

புறப்படும்போது, அக்கா புதிதாக ஏதாவது பேட்டி கொடுத்தால் பாங்காக்கிலிருந்து போனில் படித்துச் சொல்லவேண்டும் என்று கேட்டாள். சரி என்றேன்.

வியாழக்கிழமை விமானம். அதற்குள் எங்காவது சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நிலா தமிழில் பேசுவாள், கேலி செய்வாள், கோபித்துக்கொள்வாள். ஆனால் தமிழில் ஓர் எழுத்துக்கூட அவளுக்குப் படிக்கத் தெரியாது. பர்மியத்தில் எழுதினால் முதல் பத்தியிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

ஆகவேதான் உங்களிடம், தமிழில் எழுதுகிறேன்.