விடியுமுன் கூட்டுகிறவர்கள்

அவளை அந்த வட்டாரத்தில் எல்லோரும் வண்டிக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கார் ஓட்டுகிற பெண்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு; கார்கள் நிற்கிற இடத்தைக் கூட்டுகிற வண்டியை ஓட்டுகிறவள் அவள் ஒருத்திதான். குட்டி லாரி மாதிரி இருக்கும் அது. அடிவயிற்றில் சுழலும் ஒரு பெரிய பிரஷ், பக்கவாட்டில் இன்னொன்று, முதுகில் குப்பைத் தொட்டி, அதை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி.

வண்டியைப் பழசாக வாங்கியது அவள் கணவன். தண்ணீர் தெளித்துக்கொண்டே கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூசி மூக்கு வழியாகப் போய் நெஞ்சில் குடியேறிவிடும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தொட்டியை நிரப்ப நேரமாகிறதென்று வருஷக்கணக்காக வறட்டுக் கூட்டாகவே கூட்டித் தள்ளினான். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் இருமலாகத் திரும்பி வந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்து எழ வேண்டிய நிலைக்கு அவன் வந்தபோது, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கூடமாட வேலை செய்ய அவள் தம்பி வந்தான்.

தம்பி முதுகில் காற்றடிக்கும் மெஷினை மாட்டிக்கொண்டு முன்னால் போவான். சுவரோரம், தூணடி, நடைபாதை விளிம்பு எல்லாவற்றிலிருந்தும் குப்பையை நடுவுக்கு ஊதித் தள்ளுவான். அவள் பின்னாலேயே வந்து வாரிக்கொண்டு போவாள். வாய்த்துடுக்கு அவனுக்கு. "உனக்குக் கூட்டல் வராதுன்னு வாத்தியார் என்னை பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாரு அக்கா. இப்ப பாரு, கூட்டியே சோறு திங்கறேன்" என்பான்.

ஒரு கண் மருத்துவமனை, ஒரு மரச்சாமான் கடை. இரண்டு இடமும் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பெரிய வணிக வளாகத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒரு பெரிய கம்பெனி போட்டி போட்டுக்கொண்டிருந்தது. எப்படியாவது பிடித்துவிட வேண்டுமென்ற வேகத்தில் அவர்களைவிட வெகுவாகக் குறைத்துச் சொன்னாள். தேய்கிற பிரஷ்ஷுக்கும் குடிக்கிற டீசலுக்கும் குப்பை கொட்டுகிற இடத்தில் கேட்கிற காசுக்கும் கணக்குப் போடவில்லை. வேலை கிடைத்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறோம் என்பது முதல் மாதமே தெரிந்தது.

விட்டதைப் பிடிக்க ஒவ்வொன்றாகக் கழித்தாள். வண்டி பின்னால் வரும்போது ஆள் பார்த்துச் சொல்ல ஒரு அம்மாளை வைத்திருந்தாள், அவளை நிறுத்தினாள். ரிவர்ஸ் எடுத்தால் கீ கீ என்று கத்துகிற கருவி ஊமையாகிப் போயிருந்தது. மெக்கானிக் ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னான். கடைகள் திறப்பதற்குள் மூன்று இடத்தையும் முடிக்க வேண்டியவளுக்கு ஒரு நாள் ஏது? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

அன்றைக்குத் தூறல் விழுந்து ஓய்ந்திருந்தது. ஈரத்தில் காகிதமெல்லாம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு மூலையில் வண்டியைத் திருப்ப இடம் போதாமல் பின்னால் எடுத்தாள். தம்பி முன்னால்தான் இருக்கிறான் என்று நினைத்தாள். அவனோ ஒட்டிக் கிடந்த காகிதத்தைச் சுரண்டுவதற்காகப் பின்பக்கம் வந்து குனிந்திருந்தான். மெஷின் இரைச்சலுக்காகக் காதை அடைத்திருந்தான். முதலில் ஏதோ அட்டைப்பெட்டி நசுங்கிய மாதிரிதான் அவளுக்குப் பட்டது.

"அக்கா, முன்னால எடு" என்றான் தம்பி. கத்தக்கூட இல்லை. "முன்னால எடுக்கா."

பாதத்தின் முன்பகுதியைக் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் சொன்னார். தம்பியின் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனாரின் எதிரில் வந்து நின்றாள்.

"அவரு காதுல மூடி போட்டிருந்தாரு. சரி. உங்க கண்ணுக்கு யாரு அண்ணி மூடி போட்டது?"

கேட்டுவிட்டுத் திரும்பி வார்டுக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

வீட்டில் கணவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். விஷயம் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"பின்னால எடுக்கையில சத்தம் வந்துச்சா?" என்று கேட்டான்.

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

வளாகத்து மேனேஜர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். போன் செய்தார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. கடவுள் புண்ணியத்துல உயிருக்கு ஒண்ணும் இல்லையே? நல்லது. நாளைக்கு வேலைக்கு ஆள் வந்துரும்ல?"

போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் வேலை போகும்; வேலை போனால் தம்பியின் மருந்துக்கு வழியில்லை. போனாள். வண்டியின் படியில் கால் வைத்தாள், ஏற முடியவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கைத் துடைப்பத்தை எடுத்தாள். கடல் மாதிரிக் கிடந்தது இடம். ஒரு ஓரத்தை முடிப்பதற்குள் கார்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஹாரன் அடித்தார்கள், கண்ணாடியை இறக்கித் திட்டினார்கள். ஒரு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நேற்று அந்தச் சக்கரத்துக்கடியில் நாமே கிடந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அழக்கூட வரவில்லை.

மாலையில் தம்பியைப் பார்க்கப் போனாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "போக்கா. இன்னொரு நாள் வா" என்றான்.

மறுநாள் விடிவதற்கு முன் வளாகத்துக்குப் போனபோது, வண்டிக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. தம்பி மனைவி. புருஷனின் ஒளிரும் மேல்சட்டை அவள் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. கழுத்தில் ஒரு விசில்.

"உங்களுக்காக வரல. அவரு கூலி நிக்கக் கூடாது, அதுக்காக வந்தேன்."

"நான் இனிமே ஏற மாட்டேம்மா."

"ஏறாம? உங்க வீட்டுக்காரருக்கு மூச்சில்ல, எங்க வீட்டுக்காரருக்குக் காலில்ல. மிச்சம் இருக்கறது நாம ரெண்டு பேருதான். ஏறுங்க. நான் ஊதாம வண்டி ஒரு சாண் பின்னால வரக் கூடாது."

ஏறினாள். அன்றைக்கு வண்டி நத்தையாய் நகர்ந்தது. பின்னால் எடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் தம்பி மனைவி இறங்கி நின்று சுற்றிலும் பார்த்து, அவசரமே இல்லாமல் விசில் ஊதினாள். முடிப்பதற்குள் பாதிக் கடைகள் திறந்துவிட்டன. மேனேஜர் மேல்மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் கணவன், அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து, மாடியிலிருந்து இறங்கி வந்தான். வண்டிக்கடியில் துணி விரித்துப் படுத்து, அறுந்துபோன ஒரு ஒயரைக் கண்டுபிடித்து முறுக்கி டேப் சுற்றினான். கருவி கத்தியது. இவ்வளவுதானா என்று அவள் கேட்டாள். இவ்வளவேதான் என்றான் அவன். அந்த வார்த்தை அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

தைரியத்தைக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனாள். "இந்த ரேட்டுல பாதுகாப்பா செய்ய முடியாது சார். கூட ஒரு ஆள் வேணும். கொஞ்சம் ஏத்திக் குடுங்க."

"இந்த ரேட்டுக்கு உங்கள யாரும்மா வரச் சொன்னா? நீங்களேதான சொன்னீங்க" என்றார் அவர், சிரித்த முகம் மாறாமல். சொன்னது நிஜம். மாதம் முடிந்ததும் இடம் பெரிய கம்பெனிக்குப் போனது.

தலையில் இடி விழுந்த மாதிரி வந்து வண்டியில் உட்கார்ந்தாள். தம்பி மனைவி கேட்டுவிட்டு, "போகட்டும்" என்றாள். "அது என்னிக்கு நமக்குச் சோறு போட்டுச்சு? பிரஷ்ஷத் தின்னுச்சு, டீசலக் குடிச்சுச்சு. கடைசியில அவரு காலையும் கடிச்சுருச்சு."

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வீட்டு வாடகை இரண்டு முறை நின்றது. மரச்சாமான் கடைக்காரர் கூலியை ஏற்ற முடியாதென்று கையை விரித்தார்; அதையும் விட்டார்கள். கண் மருத்துவமனையில் தம்பி மனைவியே பேசினாள்: தண்ணீர் தெளித்துத்தான் கூட்டுவோம், இரண்டு பேர் வருவோம், அவசரப்படுத்தக் கூடாது, கூலி இவ்வளவு. கண் அறுவை செய்கிற இடத்தில் தூசி பறக்கலாமா என்று ஒரே கேள்விதான் கேட்டாள். ஒப்புக்கொண்டார்கள். அதே தெருவில் ஒரு பல் மருத்துவரும், பிறகு ஒரு பள்ளிக்கூடமும் அதே கூலிக்கு வந்தன. வருகிறதில் ஆளுக்குப் பாதி.

தம்பி இப்போது ஒரு கடையில் கல்லாவில் உட்காருகிறான். முன்பக்கம் பஞ்சு அடைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடக்கிறான். அக்காவோடு பேசுகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிற பேச்சு.

வேலை முடிந்ததும் வண்டிக்காரம்மா தம்பி மனைவியை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிடுவாள். உள்ளே வாங்க என்று அவள் கூப்பிடுவதில்லை. இவளும் எதிர்பார்ப்பதில்லை. கதவைச் சாத்துவதற்கு முன், "நாளைக்கு எங்க முதல்ல?" என்று மட்டும் கேட்பாள். இவள் இடத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புவாள்.