சட்டசபையில் எழுந்து நின்றவர்

ஓமலூர்ப் பக்கத்து ஜனங்கள் என் வீட்டுக்காரருக்கு ஓட்டுப் போட்டுச் சென்னைப் பட்டணத்துச் சட்டசபைக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம், அவருடைய வாய். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவார், பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்ப்பார், யாரும் அகப்படாவிட்டால் என்னிடம் பேசுவார். அந்த வாய் பட்டணத்துக்குப் போய் எங்கள் ஆற்றுக்கு ஒரு பாலம் வாங்கி வரும் என்று எல்லோரும் நம்பினோம்.

மற்றவர்களுக்கு வேண்டுமோ வேண்டாமோ, எனக்கு அந்தப் பாலம் வேண்டும். என் தங்கையை அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தோம். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியோ இக்கரையில், எங்கள் ஊரில் இருந்தாள். தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்கு நாள் முந்திவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஆற்றில் வெள்ளம். மருத்துவச்சி கரையிலேயே நின்று தவித்துவிட்டுத் திரும்பினாள். குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு ஆற்றைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

அவர் ரயிலேறிப் போய்த் திரும்பும்போதெல்லாம் எங்கள் வாசலில் கூட்டம் கூடும். பட்டணத்துச் சேதிக்குக் குறைவே இல்லை. தலைக்கு மேல் சுற்றும் மின்சார விசிறி, மந்திரிமார் போடும் மூக்குக் கண்ணாடி, சபையில் தூங்குகிறவர்கள் யார் யார் என்று எல்லாம் சொல்லி முடிப்பார். கடைசியில் யாராவது, "நம்ம பாலத்தப் பத்திப் பேசுனீங்களா?" என்பார்கள்.

"இன்னும் என்னையக் கேக்கலீங்க" என்பார்.

மாதக்கணக்கில் இதே பதில். ஒரு நாள் சோறு போடும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்களைய யாருங்க கேக்கோணும்?"

"சபாநாயகர்தான். பெரியவங்க உக்காந்திருக்கற எடத்துல, 'நீ என்னப்பா சொல்றே'ன்னு கேக்காம நாமளா வாயத் தொறக்கறதா?"

எங்கள் ஊர்க்கூட்டத்து வழக்கம் அது. பெரியவர் முகம் பார்த்துக் கேட்டால்தான் மற்றவர் பேசுவார்கள். இந்த மனிதர் அதை மூட்டை கட்டிக்கொண்டு பட்டணம் வரை போயிருக்கிறார்!

"மத்தவங்கெல்லாம் எப்படிப் பேசறாங்க?"

"எந்திரிச்சு நிப்பாங்க. அவரு கூப்புடுவாரு."

"நீங்களும் எந்திரிங்க."

"உக்காந்திருக்கற பெரிய மனுசன் முன்னால வெறப்பா நிக்கச் சொல்றியா புள்ள? நல்லாக் குடுக்கறே புத்தி."

ரசத்தை நான் கொஞ்சம் வேகமாகத்தான் ஊற்றினேன்.

அடுத்த தடவை பட்டணத்தில் நடந்ததை அவரே வந்து சொன்னார். சபை நடந்துகொண்டிருக்கையில் வயதான அங்கத்தினர் ஒருவர் தடியூன்றிக்கொண்டு தாமதமாக வந்தாராம். அவரைக் கண்டதும் இவர் வழக்கப்படி தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறார். பேசத்தான் எழுந்தார் என்று நினைத்து, சபாநாயகர் கூப்பிட்டுவிட்டார். கேட்டுவிட்டார்களே, அப்புறம் என்ன? ஆறு, வெள்ளம், கரையில் நின்ற மருத்துவச்சி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் பத்திரிகையில், 'மற்றோர் அங்கத்தினரும் பேசினார்' என்று போட்டிருந்தது. அந்த வரியை ஊரே வாங்கிப் படித்தது. "அந்த மற்றோர் அங்கத்தினரு நம்மாளுங்க!" என்று போகிற வண்டியையெல்லாம் நிறுத்திச் சொன்னார்கள்.

எப்படியோ பாலம் வந்தது. கட்டி முடித்த பிறகும், திறந்து வைக்க அதிகாரிக்கு நாள் ஒழியவில்லை என்று குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதற்குள் மழை வந்தது, வெள்ளம் வந்தது, மறுபடி உண்டாகியிருந்த என் தங்கைக்கு வலியும் வந்தது. மருத்துவச்சி முள்ளை ஒதுக்கித் தள்ளிவிட்டு நடந்தாள். ஆண் குழந்தை, கணீரென்று அழுததாம். கேட்டு நானும் அழுதேன்.

அப்புறம் ஒரு வழியாகத் திறப்பு விழா. பந்தலில் அதிகாரி பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கும் ஒரு நாற்காலி. எல்லோரும் பேசினார்கள், இவர் மட்டும், தம்மை யாராவது கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பந்தல் ஓரத்தில் மருத்துவச்சி வந்து நின்றாள். இவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பேசுங்கள், பேசுங்கள்" என்றார் அதிகாரி.

"பேசறதுக்கு எந்திரிக்கலீங்க. அந்தம்மா வந்திருக்காங்க."

மருத்துவச்சியோ, வந்திருப்பது யாரென்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.