தட்டிப் பார்த்துச் சொல்கிற வேலை

பாய்மரப் படகு கட்டுகிற ஷெட்டில் என் வேலை, கட்டினதைத் தட்டிப் பார்த்து எங்கே சரியில்லை என்று சொல்வது. வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவளுக்கு இதைவிடப் பொல்லாத வேலை கிடையாது. கண்டக்டரிடம் "ஸ்டாப்பு" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஜாதியா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

பொட்டு

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி முன்பு மீன்பிடிப் படகுதான் செய்தது. கடல் தாண்டிப் போகிற பாய்மரப் படகு இதுதான் முதல் தடவை. ஃபைபர் துணியை அடுக்கடுக்காக வைத்து, ரெசின் என்கிற பசையை ஊற்றி, ரோலரால் அழுத்துவார்கள். அடுக்குக்கு நடுவில் காற்று மாட்டிக்கொண்டால் வெளியே தெரியாது. மாசக்கணக்கில் அலை அடித்தால் அந்த இடம் விட்டுக்கொள்ளும். சின்னச் சுத்தியால் தட்டினால் நல்ல இடம் 'டங்'கென்னும், காற்று இருக்கிற இடம் 'டொப்'பென்னும். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டால், அறுத்தெடுத்துப் புதிதாக ஒட்டுவார்கள்.

துணி வெட்டிக்கொண்டிருந்த என்னை இன்ஜினியர் சார் இதற்கு மாற்றினார். "இந்தப் படகு முடியற வரைக்கும் பார்ப்போம். தப்பு இருந்தா வாயைத் திறந்து சொல்லணும். இல்லன்னா மறுபடியும் துணி வெட்டத்தான்" என்றார். அந்தத் துணியை வெட்டினால் உடம்பெல்லாம் அரிக்கும். அந்தக் கையோடு என் மூன்று வயசுப் பொண்ணைத் தூக்க முடியாது. அதனால் இந்த வேலை எனக்கு வேண்டும். ஆனால் ஒட்டுகிறவர்களுக்குத் தலைவர் பாபு அண்ணன். அவர் வேலையில் குறை காட்டப் பயந்து, வட்டத்தைப் பட்டாணி அளவுக்குப் போட்டு வைத்தேன். தேடித் தேடிப் பார்த்தவர் சொன்னார்: "இன்னாம்மா, குறை காட்டச் சொன்னா படகுக்குப் பொட்டு வெச்சிக்கினு இருக்கே?"

உள்ளே இருந்தவர்

ஒரு மத்தியானம், காலையில் 'டங்'கென்ற இடம் சாப்பாட்டுக்குப் பிறகு 'டொப்'பென்றது. அதுவும் இரண்டு முழ நீளத்துக்கு. பதறிப்போய்ப் பெரிய வட்டமாகவே போட்டுப் பாபு அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் ஏணி வைத்து ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். ரோலர் போடுகிற முனுசாமி அண்ணன் சரியாக அந்த இடத்தில் முதுகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி விஷயத்தைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார்: "யம்மா, நான் நல்லாத்தான் கீறேன், என்னை அறுத்துப் பாக்கச் சொல்லிடாதே!"

தர்பூசணி

ஒருநாள் வேலை விட்டு வீட்டுக்குப் போகும்போது, ஆரம்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கிப் பழம் வாங்கப் போனேன். ஒன்றைத் தட்டி, காது வைத்து, பக்கத்தில் இருந்ததைத் தட்டி, திரும்ப முதல் பழத்துக்கே வந்தேன். கடைக்காரர் கேட்டார்: "பழம் வாங்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?"

அந்த அம்மா கேட்டது

படகை வாங்குகிறவர் ஒரு அம்மா. அவரும் வீட்டுக்காரரும் ஐந்து வயசு மகனோடு அதிலேயே குடியிருந்துகொண்டு கடல் கடலாகப் போகப்போகிறார்கள். அவர் பார்க்க வந்த அன்று பெயின்ட் அடிக்க எல்லாம் தயார். அன்று காலையில்தான் சுக்கான் மாட்டுகிற இடத்தின் பக்கத்தில் எனக்கு 'டொப்' கேட்டது. உள்ளே ஏறிப் பார்த்தேன், யாரும் தூங்கவில்லை. வட்டம் போட்டேன். யாரிடமாவது சொல்வதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். முதலாளியும் கூடவே நிற்கிறார். அந்த அம்மா என் கையில் இருந்த சுத்தியைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் தட்டிப் பாக்கறவங்களா? உங்க குழந்தைய இதுல அனுப்புவீங்களா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டிவிட்டால் போதும். அதுதான் எனக்கு நன்றாக வருமே! "இன்னிக்கு அனுப்ப மாட்டேம்மா. சுக்கான் கிட்ட காத்து இருக்குது. அத அறுத்து ஒட்டினப்புறம் அனுப்புவேன்" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். முதலாளி முகம் சுருங்கியது. இன்ஜினியர் சார் சுத்தியை வாங்கித் தானும் தட்டிப் பார்த்துவிட்டு, பாபு அண்ணனுக்குக் கை காட்டினார்.

அறுத்தால், உள்ளங்கை அகலத்துக்கு ரெசினே படாத வறண்ட துணி. பெயின்ட் வேலை தள்ளிப்போயிற்று. அந்த அம்மா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ முதலாளியிடம் சொன்னார்: "ஒட்டி முடிச்சதும் இவங்களே தட்டட்டும். சரின்னு இவங்க வாயால சொன்னாத்தான் நான் எடுப்பேன்."

இப்படியாக, குறை சொல்வதற்கென்றே சம்பளம் கொடுத்து என்னை நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். இதை என் வீட்டுக்காரரிடம் மட்டும் இன்னும் விவரமாகச் சொல்லவில்லை; வீட்டிலும் சுத்தியை எடுத்துவிடுவேனோ என்று பயந்துவிடுவார்.